மணி கடிக்கிறான்!

ஐப்பசி மாதத்து அடைமழையில் ஒரு சாயங்காலம். மதுரை திருநகரில் ஒரு வீடு. ஏழாம் வகுப்புப் படிக்கும் சின்னவன் டியூஷன் முடிந்து நனைந்துகொண்டே வந்து சேர்ந்தான். சட்டைக்குள் ஏதோ நெளிந்துகொண்டிருந்தது. "என்னடா அது?" என்று அம்மா கேட்பதற்குள் பட்டன் இடைவெளியில் ஒரு கருப்பு மூக்கு எட்டிப் பார்த்தது.

டீக்கடைக்குப் பின்னால் குட்டி போட்டிருந்த தாய் நாய் முந்தின நாள் லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டதாம். நாலு குட்டியில் இரண்டை யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். ஒன்று மழையில் விறைத்துப் போய்விட்டது. மிச்சம் இருந்தது இந்தச் செவலை. "அஞ்சு வாரம் இருக்கும் தம்பி, எடுத்துட்டுப் போ" என்று டீ மாஸ்டரே சட்டைக்குள் வைத்து அனுப்பிவிட்டார்.

மணி என்று பேர் வைத்தார்கள். தமிழ்நாட்டில் பாதி நாய்களின் பேர் அதுதானே! அந்த 'அஞ்சு வாரம்' என்ற கணக்கை அன்றைக்கு வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் வந்த தொல்லைக்கெல்லாம் வேர் அதில்தான் இருந்தது.

முதல் இரண்டு வாரம் ஒரே கொண்டாட்டம். சின்னவன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தரையில் படுத்துக்கொண்டு கையை நீட்டுவான். மணி பாய்ந்து கவ்வும். இவன் கையை ஆட்டி ஆட்டி இழுப்பான், புரட்டுவான், காலைப் பிடித்து இழுத்துவிட்டு ஓடுவான். மணி உர்ரென்று பொய்க் கோபத்தோடு துரத்திக் கணுக்காலைப் பிடிக்கும். அம்மாவின் நைட்டி ஓரம், கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் அக்காவின் துப்பட்டா, அப்பாவின் லுங்கி நுனி... எது ஆடினாலும் அதில் தொங்கும். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். போனில் வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள்.

நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28. மூன்று வாரத்தில் முளைக்க ஆரம்பித்து, ஆறு எட்டு வாரத்துக்குள் எல்லாம் வந்துவிடும். ஒவ்வொன்றும் ஊசி மாதிரி இருக்கும். ஐந்து வாரத்தில் கிச்சுக்கிச்சு மூட்டியது ஒன்பதாம் வாரத்தில் கையைக் கிழித்தது. சின்னவனின் முழங்கைக்குக் கீழே எப்போதும் சிவப்புக் கோடுகள். அதைப் பள்ளிக்கூடத்தில் நண்பர்களிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டான். வீட்டில் மட்டும் முழுக்கைச் சட்டை.

அப்பத்தாவின் கால்

கார்த்திகை தீபம் முடிந்து சில நாள் இருக்கும். மணி ஏழு. அப்பத்தா சாமி கும்பிட்டுவிட்டு சீரியல் பார்க்க ஹாலுக்கு வந்துகொண்டிருந்தார். வயது 74. இதயக் கோளாறுக்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை தினமும் சாப்பிடுகிறவர். சேலைக் கரை தரையில் இழுபட்டது. சோபாவுக்கு அடியிலிருந்து மணி பாய்ந்தது. அப்பத்தா பதறிக் காலை உதற, சேலைக்குப் பதில் கணுக்கால் பல்லில் சிக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. அந்த வயதில் கடியை விடக் கீழே விழுவதுதான் பெரிய ஆபத்து.

காயம் சின்னதுதான். ஆனால் ரத்தம் நிற்கவில்லை. அம்மா துண்டை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தும், கால் மணி நேரத்துக்கு மேல் கசிந்துகொண்டே இருந்தது. சின்னவன் மணியைத் தூக்கிக்கொண்டு போய் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

அப்பா ஆபீஸிலிருந்து வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. "காலையில சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துர்றேன்" என்று மட்டும் சொன்னார். அவர் சத்தம் போடாமல் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

எதிர் வீட்டு மாமி மஞ்சள் தூளோடு வந்தார். இன்னொருவர் சுண்ணாம்பு தடவச் சொன்னார். இரண்டையும் செய்யாதது அக்காவின் புண்ணியம். நாய்க்கடிக்கு முதல் வைத்தியம் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். 15 நிமிஷம் விடாமல் கழுவ வேண்டும். மேலே எதையும் பூசக் கூடாது. குட்டி நாய்தானே, வீட்டு நாய்தானே என்று விட்டுவிடவும் கூடாது. தடுப்பூசி போடாத தெருக்குட்டி அது. ரேபிஸ் நோயின் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. ஆனால் முன்கூட்டியே ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 என்று நான்கு நாட்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் துளித் துளி மருந்து. ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள். "வேற யாரையாவது கடிச்சிருக்கா?" என்று டாக்டர் கேட்டபோது சின்னவன் மெதுவாக முழுக்கைச் சட்டையை மடித்தான். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அவனுக்கும் ஊசி. அன்றைக்கு வாங்கிய திட்டு ஊசியை விட அதிகம் வலித்தது.

அந்த டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம்தான் மணியைக் காப்பாற்றியது. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். பத்து நாளும் அது நல்லபடியாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இல்லை என்று அர்த்தம். அதனால் நாயை எங்கேயும் விட்டுவிடக் கூடாது. அப்பாவின் சந்தைத் திட்டம் பத்து நாள் தள்ளிப் போனது.

பேப்பர் வைத்தியம்

அந்தப் பத்து நாளில் தெருவில் உள்ள அத்தனை பேரும் நாய் நிபுணர்கள் ஆனார்கள். "மூக்குல ரெண்டு போடு", "வாயை அமுக்கிப் பிடி", "மல்லாக்கப் போட்டு கழுத்தை அமுக்கு, யார் எஜமான்னு அதுக்குத் தெரியணும்", "மிளகாய்த் தூளைக் கையில தடவிக்க"...

அப்பா தினசரிப் பேப்பரைச் சுருட்டி நூல் கட்டி டீவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மணி வாயைத் திறந்தால் ஒரு அடி. முதல் மூன்று நாள் பலித்த மாதிரித்தான் தெரிந்தது. அப்பா இருக்கும்போது மணி சோபாவுக்கு அடியிலேயே கிடந்தது. அப்பா இல்லாதபோது முன்னை விட மோசமாகக் கடித்தது.

ஏழாவது நாள். அப்பா யாரையும் அடிப்பதற்காகக் குனியவில்லை. கீழே விழுந்த மூக்குக் கண்ணாடியை எடுக்கத்தான் குனிந்தார். கை கீழே வந்ததும் மணி தரையோடு ஒட்டிக்கொண்டது. மூத்திரம் போய்விட்டது. உடம்பு விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிய, உதடு மேலே சுருண்டு ஒரு உறுமல். விளையாடும்போது வரும் சத்தம் இல்லை அது. அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத சத்தம். பத்து வாரக் குட்டி!

அப்பா அப்படியே நின்றார். கண்ணாடியை எடுக்காமலே உள்ளே போய்விட்டார். பேப்பர் சுருள் அடுத்த நாள் அந்த இடத்தில் இல்லை. யாரும் கேட்கவில்லை.

பல்லடக்கம்

பத்தாம் நாள் அக்காவும் சின்னவனும் மணியை ஒரு துணிப்பையில் வைத்துக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் முதலில் செய்த காரியம், தன் விரலை மணியின் வாயில் கொடுத்ததுதான். அது அழுத்திக் கடித்தது. டாக்டர் சத்தமே போடாமல் விரலை எடுத்துக்கொண்டு, திரும்பி நின்று ஏதோ எழுத ஆரம்பித்துவிட்டார். மணி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எத்தனை நாள்ல தாயை விட்டுப் பிரிச்சீங்க?" என்றார்.

"அஞ்சு வாரம் சார்."

"அதான். இவன் பாதிப் படிப்புல பள்ளிக்கூடத்தை விட்டு நின்னவன்."

அவர் சொன்னதன் சாரம் இது. மனிதனுக்குக் கை எப்படியோ நாய்க்குட்டிக்கு வாய் அப்படி. எதையும் வாயால் தொட்டுத்தான் பார்க்கும். கூடப்பிறந்த குட்டிகளோடு புரளும்போது எப்போதாவது பலமாகக் கடித்துவிடும். கடிபட்டது கத்திக்கொண்டு ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போகும். தாய் நாயும் எழுந்து போய்விடும். 'இவ்வளவு அழுத்தினால் ஆட்டம் போச்சு' என்ற பாடத்தைக் குட்டி இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்வதற்குப் பின்னால் இப்படிப்பட்ட காரணங்களும் இருக்கின்றன. மணிக்கு அந்தப் பாடம் ஐந்தாம் வாரத்தோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு அதற்குக் கிடைத்த ஒரே சகோதரன் சின்னவன். அவனோ கடித்தால் இன்னும் உற்சாகமாகக் கையை ஆட்டினான்!

இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் 1980களில் கலிபோர்னியாவில் குட்டிகளுக்கென்றே பயிற்சி வகுப்பு நடத்திப் பேர் வாங்கியவர். குட்டியின் பல் ஏன் இவ்வளவு கூர்மை என்பதற்கு அவர் ஒரு விளக்கம் சொல்வார். அந்த வயதில் தாடையில் பலம் கிடையாது. பல்லும் மொண்ணையாக இருந்தால் கடிபட்டவருக்கு வலிக்காது; வலிக்காவிட்டால் யாரும் ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள்; குட்டிக்குப் பாடமும் கிடைக்காது. தாடை பலப்படுவதற்குள் வாயை அடக்கப் பழகிவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஊசிப் பல்.

"நமக்கு நாவடக்கம் மாதிரி அதுக்குப் பல்லடக்கம்" என்றார் டாக்டர். "அடிச்சா அது வராது. 'கை வந்தா அடி விழும்'னுதான் கத்துக்கும். உறுமினதுக்கு அடிச்சா உறுமுறதை நிறுத்திரும். அப்புறம் சத்தமில்லாம நேரா கடிக்கும். உறுமல் ஒரு சைரன் மாதிரி. சைரனை உடைச்சுப்புட்டு தீயை அணைச்சாச்சுன்னு நினைக்கக் கூடாது."

சின்னவனைப் பார்த்து இன்னொன்றும் கேட்டார்: "மூணு மணிக்கு உன் கையைக் கடிச்சா விளையாட்டு. ஏழு மணிக்கு அப்பத்தா காலைக் கடிச்சா அடி. ஒரு வாய்க்கு ரெண்டு சட்டம் போட்டா அது என்னடா பண்ணும்?"

சின்னவன் பதில் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் பேசாமல் வந்தான்.

கேரம் போர்டும் காலண்டரும்

அப்பாவிடம் அக்கா பேசினாள். வளர்த்த பிராணியைச் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் தவிக்கும்படி விட்டுவிட்டு வருவது 1960-ம் வருடத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்றாள். அதைக் காட்டிலும், கையைப் பார்த்தாலே கடிக்கும் குட்டி சந்தையில் எத்தனை நாள் கல்லடி படாமல் இருக்கும் என்று கேட்டாள். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பொங்கல் வரைக்கும் பார்க்கிறேன். அப்பவும் அம்மா கால்ல ரத்தம் வந்தா நான் யார் சொல்றதையும் கேட்க மாட்டேன்" என்றார். ஐந்து வாரத்துக்குக் கொஞ்சம் கூட.

முதலில் அப்பத்தாவுக்குப் பாதுகாப்பு. ஹாலுக்கும் அவர் அறைக்கும் நடுவே வாசல்படியில் பழைய கேரம் போர்டைக் குறுக்கே நிறுத்தினார்கள். அப்பத்தா நடமாடும் நேரத்தில் மணி அந்தப் பக்கம். பழக்குவது வேறு, காவல் வேறு. மாத்திரை சாப்பிடும் கிழவியின் காலை வைத்துப் பரீட்சை பார்க்க முடியாது.

பிறகு ஒரே ஒரு சட்டம், வீட்டில் எல்லாருக்கும்: பல் தோலில் பட்டால் ஆட்டம் முடிந்தது. திட்டு கிடையாது, அடி கிடையாது, 'சீ போ' கூடக் கிடையாது. எழுந்து கேரம் போர்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அரை நிமிஷம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வர வேண்டும். முதலில் அழுத்திக் கடிப்பதற்கு மட்டும் இந்தத் தண்டனை. அழுத்தம் குறைந்த பிறகு லேசாகப் பல் பட்டாலும் இதே. குட்டி மாதிரி 'கீச்' என்று கத்திப் பார்க்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். சில குட்டிகள் அதைக் கேட்டு நிறுத்தும். சின்னவன் கத்தியதும் மணி இரண்டு மடங்கு குஷியாகிவிட்டது! அதனால் அந்த முறையை அன்றைக்கே கைவிட்டார்கள்.

ஓடுகிற காலைத்தான் குட்டி துரத்தும். அதனால் பாய்ந்து வந்தால் மரம் மாதிரி நிற்க வேண்டும். அம்மாவுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. கையில் சாம்பார் பாத்திரத்தோடு எத்தனை தரம் மரமாக நிற்பது?

வாயிலிருந்து ஒன்றைப் பிடுங்கினால் பதிலுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும். அப்பாவின் பழைய லுங்கியை மூன்றாகக் கிழித்துப் பின்னி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு ஒரு கயிறு செய்தாள் அக்கா. ஈறு அரிக்கும்போது கடிக்க, நனைத்து ஃப்ரீசரில் வைத்த துணி. அதைக் கொடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நூலை விழுங்கிவிடும். வேகவைத்த எலும்பு மட்டும் கூடவே கூடாது. சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

அப்பத்தாவைக் கடித்த ஏழு மணிக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்த வயதுக் குட்டி ஒரு நாளைக்கு 18 மணி நேரத்துக்கு மேல் தூங்கும். இந்த வீட்டிலோ பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அதைத் தூங்கவிடாமல் ஆள் மாற்றி ஆள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தூக்கம் கெட்ட குழந்தை அடம்பிடிப்பது மாதிரி, தூக்கம் கெட்ட குட்டி கடிக்கும். ஆறு மணிக்கே மாடிப்படிக்குக் கீழே கோணி விரித்து, அரை இருட்டில் படுக்க வைத்தார்கள். பாதிக் கடி அதிலேயே குறைந்தது.

கடைசியாக அப்பாவின் கை. டாக்டர் சொன்னபடி அப்பா தினமும் ராத்திரி தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் வேகவைத்த முட்டைத் துண்டோடு கையைத் தாழ நீட்டிக்கொண்டு காத்திருந்தார். அருகில் போய்த் தொடக் கூடாது, அதுவாக வர வேண்டும். முதல் மூன்று நாள் மணி வரவே இல்லை. முட்டையைத் தரையில் வைத்துவிட்டு அப்பா எழுந்து போவார். நாலாம் நாள் கழுத்தை மட்டும் நீட்டி, பின்னங்கால் இரண்டும் ஓடத் தயாராக, கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனது. "எடுத்துட்டான்" என்று அப்பா சமையலறையைப் பார்த்துச் சொன்னார். அம்மா பதில் சொல்லாமல் இன்னொரு முட்டையை வேகவைத்தார்.

அக்கா தினசரிக் காலண்டர் தாளில் கடிகளைக் குறித்துவந்தாள். முதல் நாள் 31. நாலாம் நாள் 40! அம்மா நம்பிக்கை இழந்தார். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காவிட்டால் எந்தப் பிராணியும் முதலில் இன்னும் பலமாகக் கேட்டுப் பார்க்கும். அந்தச் சமயத்தில் ஒரு ஆள் இறங்கிவந்துவிட்டால், 'நாற்பது தரம் கடித்தால் கிடைக்கும்' என்ற புதுப் பாடம் ஏறிவிடும். யாரும் இறங்கவில்லை. பத்தாம் நாள் 12. மார்கழி நடுவில், மூன்று மாதம் முடிந்து ரேபிஸ் தடுப்பூசி போட்ட வாரத்தில், ஐந்து.

யார் எஜமான்?

'யார் எஜமான் என்று காட்டு' என்ற புத்திமதி எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு கதை இருக்கிறது. ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-ல் ஒரு ஆய்வு எழுதினார். கூண்டுக்குள் ஓநாய்கள் சண்டை போட்டுத் தலைவன் பதவியைப் பிடித்தன என்றார். டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரின் 1970-ம் வருடத்துப் புத்தகம் அந்தக் கருத்தை எங்கும் பரப்பியது. ஓநாயிலிருந்து வந்ததுதானே நாய் என்று, நாயை மல்லாக்கப் போட்டு அமுக்கும் வித்தைகள் கிளம்பின.

அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைக்காலங்கள் கூட இருந்து கவனித்துவிட்டு, 1999-ல் தன் பழைய கருத்தைத் தானே திருத்தி எழுதினார். இயற்கையான ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பிள்ளைகள். தலைவன் என்று அங்கே இருப்பது பெற்றோர்தான். கூண்டில் பார்த்த சண்டை, முன்பின் தெரியாதவர்களை ஒன்றாக அடைத்து வைத்ததால் வந்தது.

முரட்டு விளையாட்டையே நிறுத்திவிட வேண்டுமா? வேண்டாம். கயிறு இழுத்து நாய் ஜெயித்தால் அதற்குத் தலைக்கனம் ஏறும் என்ற பயத்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நிக்கோலா ரூனி, ஜான் பிராட்ஷா என்ற இருவர் கோல்டன் ரிட்ரீவர் நாய்களை வைத்துச் செய்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஜெயித்த நாய்கள் எஜமானாகிவிட முயலவில்லை. சின்னவனின் குஸ்திக்குப் பதில் லுங்கிக் கயிறு வந்தது. 'பிடி' என்றால் ஆரம்பம். 'விடு' என்றால் விட வேண்டும். விட்டால் உடனே மறுபடி 'பிடி'. பல் கையில் பட்டால் கயிறு பரணுக்குப் போய்விடும். முன்னங்காலைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி வாலாட்டினால் 'இது விளையாட்டுதான்' என்று அர்த்தம். உடம்பு விறைத்து, பார்வை நிலைகுத்தி, தட்டுக்குப் பக்கத்தில் யாரையும் விடாமல் உறுமினால் அது வேறு சங்கதி. அதைக் கையாள டாக்டரிடம்தான் போக வேண்டும்.

பொங்கல்

பொங்கலுக்குச் சித்தப்பா குடும்பத்தோடு வந்தார். டீவியில் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பாவுக்கு உற்சாகம் வந்து, ஹாலிலேயே மணியைக் கையால் சீண்டி ஜல்லிக்கட்டு விளையாட ஆரம்பித்துவிட்டார். மணி முதலில் ஒதுங்கியது. மறுபடி சீண்டினார். ஒரு நிமிஷத்தில் பழைய மணி திரும்பி வந்துவிட்டது. கவ்வியது, தொங்கியது. கேரம் போர்டுக்கு அந்தப் பக்கம் அப்பத்தா நின்றுகொண்டிருந்தார்.

"சித்தப்பா, கையைக் கொடுக்காதீங்க" என்றான் சின்னவன்.

"போடா, நாட்டு நாய்டா இது! நல்லா கடிக்கட்டும், அப்பத்தான் வீரம் வரும்."

"வேணாம் சித்தப்பா. நீங்க ஊருக்குப் போயிருவீங்க. நாளைக்கு அது அப்பத்தாவைக் கடிச்சா அப்பா இதைச் சந்தையில விட்டுருவாரு."

ஹாலில் டீவி சத்தம் மட்டும் கேட்டது. இந்த விளையாட்டை வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவன் அவன்தான். அது அவனுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அப்பா எழுந்தார். பரணில் இருந்த லுங்கிக் கயிற்றை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தார். "இதை வச்சு விளையாடு. கையில பல் பட்டா எந்திரிச்சுப் போயிரணும். இந்த வீட்டுல அதான் சட்டம்."

சித்தப்பா சிரித்துக்கொண்டே கயிற்றை வாங்கிக்கொண்டார். அன்றைக்குக் காலண்டரில் 19 விழுந்தது. அடுத்த நாள் 11. வாரக் கடைசியில் இரண்டு. பொங்கல் முடிந்துவிட்டது என்பதை அப்பாவுக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

நாலு மாதத்தில் குட்டிக்குப் பால் பற்கள் விழ ஆரம்பிக்கும். ஆறு ஏழு மாதத்துக்குள் 42 புதுப் பற்கள் வந்துவிடும். பெரும்பாலும் விழுந்த பல்லைக் குட்டியே விழுங்கிவிடும். மாசி மாதத்தில் ஒரு காலை அப்பத்தா திண்ணையைப் பெருக்கும்போது அரிசி மாதிரி ஒன்று துடைப்பத்தில் சிக்கியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தன் காலைக் குத்திய பல்லாகக்கூட இருக்கலாம்.

அந்த வீட்டில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும், பிறகு அக்காவுக்கும் சின்னவனுக்கும் பல் விழுந்தபோது செய்ததைத்தான் அப்பத்தா அன்றைக்கும் செய்தார். எதிர் வீட்டு மாட்டுச் சாணியில் ஒரு உருண்டை வாங்கிவரச் சொல்லி, பல்லை அதில் பொதிந்து, கூரை மேல் வீசினார். மணி கீழே நின்று அண்ணாந்து பார்த்தது.

அதற்குப் பிறகு கேரம் போர்டு பழையபடி கட்டிலுக்கு அடியில் போனது.